நாற்பத்தேழு நேயர்களும் ஒரு வெங்காயப் பட்டறையும்

மேலக்கரைப்பட்டி, ஆத்தூர் வழி
7.7.2025

மதிப்பிற்குரிய வரப்பு வானொலி நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் பாஸிலா அக்கா அவர்களுக்கு,

ஆழ்ந்த மனவேதனையுடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு ரேடியோவின் ஏரியல், பதினோரு ஆண்டு தன்னலமற்ற சேவைக்குப் பின், இன்று காலை ஏழு பத்துக்கு ஆட்டுக்குட்டி மோதி ஒடிந்தது. அன்னாரின் இடத்தில் ஒரு குடைக்கம்பி இடைக்காலப் பொறுப்பேற்றுள்ளது. பதவியேற்பு விழாவில் நானும் குற்றம் சாட்டப்பட்ட ஆட்டுக்குட்டியும் கலந்துகொண்டோம். சத்தம் இப்போது முன்னைவிடத் தெளிவு. இம்புட்டுத் திறமையை வைத்துக்கொண்டு அந்தக் கம்பி இத்தனை வருசம் மழைக்கு ஒதுங்கிக் கிடந்திருக்கிறது.

அடுத்தது சேவல் விவகாரம். போன மாசம் உங்கள் ‘ஊர்க்குரல்’ நேரலையில், “செம்பட்டி ராமர் பேசுறேன், வயசு எழுவத்திரெண்டு, சேவலக் காணோம், கழுத்துல பச்ச ரிப்பன், ஒங்க செய்தி மியூசிக் கேட்டா மட்டும் கூவும்” என்று சொல்லி, தொடர்புக்கு எங்கள் தலைமையாசிரியர் நம்பரைக் கொடுத்தது தப்புதான். அவர் வாசலுக்கு மூன்று பேர் சேவலோடு வந்தது எனக்கும் அதிர்ச்சி. நான் ஒருத்தரைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் ஆறு மாசம் என் அழைப்பை எடுப்பதில்லை என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னது அதிகம். எங்க அம்மா அதற்கும் மேலே போய் போனையே பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. ஒரு குற்றத்துக்கு ரெண்டு கோர்ட்டு. இது எந்த ஊர் நியாயம்?

போகட்டும். ஞாயிறு மதியம் ரெண்டிலிருந்து ரெண்டரை வரை உங்களிடம் காலி, ஏதாவது ஓர் ஊர்க்காரர்களே அந்த அரை மணி நேரத்தை நடத்தலாம், யோசனை எழுதுங்கள் என்று அறிவித்தீர்களே. எழுதத்தானே சொன்னீர்கள். இதோ, மேலக்கரைப்பட்டி வரப்பு வானொலி நேயர் மன்றத்தின் (உறுப்பினர்கள் 47) தலைவர் என்ற முறையில்:

‘வானிலையும் வாய்நிலையும்’. முதலில் மழை வருமா என்று சொல்ல வேண்டியது. பிறகு எந்தத் தெருவில் சண்டை வரும் என்று சொல்ல வேண்டியது. ரெண்டாவது கணிப்பு தவறவே தவறாது.

‘சமையல் தப்பு’. குறிப்புதான் எல்லாரும் சொல்கிறார்களே! கெட்டுப்போன வெஞ்சனத்தை எப்படிக் கெடுத்தேன் என்று ஒவ்வொருத்தரும் வந்து சொல்லட்டும். எங்க அம்மா ஒரு வருசத்துக்குத் தாங்கும்.

‘நேயர் வெறுப்பம்’. எந்தப் பாட்டைப் போடக்கூடாது என்று கேட்டு வாங்கி, அதைப் போடாமல் இருக்க வேண்டியது.

‘செத்த நேரம் சும்மா இருங்க’. ரெண்டு நிமிசம் ரேடியோ ஒன்றுமே பேசாது. அவரவர் வீட்டுச் சத்தத்தை அவரவர் கேட்டுக்கொள்ளலாம்.

நாலும் என் சொந்தச் சரக்கு. நிலையம் நாலையும் எடுத்துக்கொண்டாலும் எனக்குக் கர்வம் வராது. ஏற்கெனவே இருப்பதே போதும்.

இப்படிக்கு,
க. விக்னேஷ்குமார், பிளஸ் ஒன்,
தலைவர், நேயர் மன்றம் (47)


வரப்பு வானொலி, செம்பட்டி
11.7.2025

தம்பி விக்னேஷ்குமாருக்கு,

குடைக்கம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்.

சேவலுக்கு வருகிறேன். உன் தலைமையாசிரியர் இங்கே நேரில் வந்தார். கத்தவில்லை. “ஒங்க ரேடியோவுல வர்ற மத்ததெல்லாமாவது நெசந்தானா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலை நேரலையில் மன்னிப்புக் கேட்டது நான். கிணற்று மோட்டாருக்கு எத்தனை மணிக்கு மும்முனை மின்சாரம் வரும் என்று நாங்கள் சொல்வதை நம்பித்தான் ஆட்கள் தோட்டத்துக்குப் போகிறார்கள். அவர்கள் ஒருநாள் “அந்தச் சேவல் ரேடியோவா?” என்று சிரித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை. ஆறு மாசம் ஆறு மாசம்தான். கடிதத்துக்குத் தடை கிடையாது.

யோசனைகள். ‘வாய்நிலை’ ஒரே வாரத்தில் எங்களைக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கும். ‘வெறுப்பம்’ என்றால் ஊரில் பாட்டே மிஞ்சாது. ‘சும்மா இருங்க’ போட்டால் எங்கள் டெக்னீசியன் ஸ்டான்லி, ஒலிபரப்பு செத்துப்போய்விட்டது என்று மாடிக்கு ஓடுவார். அவருக்கு முழங்கால் வலி. ‘சமையல் தப்பு’ பரவாயில்லை. உன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினாயா?

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்த அரை மணி நேரத்தைச் சண்டை போட்டு வாங்கியவள் நான். ஓர் ஊர் தானாகப் பேசும், நாம் நடுவில் போகவேண்டாம் என்று குழுவிடம் சொன்னேன். ஆகஸ்ட் 31 வரை தவணை. அதற்குள் அப்படி ஒன்று வரவில்லையென்றால் அந்த நேரத்திலும் சினிமாப் பாட்டுத்தான். இதுவரை வந்த யோசனைகளில் பாதி, எழுதியவர்கள் தாங்களே பாடுவதாக.

உன் மன்றத்தில் நாற்பத்தேழு பேர் என்பது உண்மையானால் நீ எனக்கு வேண்டியவன். உண்மைதானே?

பாஸிலா


மேலக்கரைப்பட்டி
16.7.2025

அன்புள்ள அக்கா,

‘உண்மைதானே?’ என்று ஒரு தலைவரைப் பார்த்துக் கேட்டுவிட்டீர்கள். மன்றம் முழுக்கக் கொந்தளிப்பு. செயலாளர் ஆனந்த்ராஜ் (பிளஸ் ஒன், என் பெஞ்சு) சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரெண்டு தோசை மட்டும் சாப்பிட்டான்.

உறுப்பினர் பட்டியல் கேட்டால் அனுப்ப நான் தயார். ஆனால் நாற்பத்தேழு பேரும் விளம்பரம் பிடிக்காதவர்கள். பேர் வெளியே தெரிந்தால் கூச்சத்தில் தொட்டாச்சிணுங்கி மாதிரி ஆகிவிடுவார்கள்.

‘சும்மா இருங்க’வைத் தள்ளியதில் எனக்கு வருத்தம்தான். ஸ்டான்லி அண்ணன் முழங்காலுக்காக விட்டுக்கொடுக்கிறேன். அம்மாவிடம் கேட்டாயா என்றீர்கள். அம்மா இப்போது என்னிடம் “சாப்டியா”, “தூங்கு” என்ற ரெண்டு நிகழ்ச்சிகளை மட்டுமே ஒலிபரப்புகிறது.

ரெக்கார்டர் ஒன்றை அனுப்புங்கள் அக்கா. ஊரே பேசும். ஒலிப்பதிவில் நான் கரைகண்டவன். குளம் எது என்று கேட்காதீர்கள்.

விக்னேஷ்குமார்


செம்பட்டி
22.7.2025

தம்பி,

டவுன் பஸ் கண்டக்டர் அருளப்பன் அண்ணனிடம் ஒரு மஞ்சள் பை கொடுத்திருக்கிறேன். சாயங்கால நடையில் உங்கள் ஊர் நிறுத்தத்தில் இறக்குவார். உள்ளே ரெக்கார்டர். பேட்டரி புதுசு. எப்படி இயக்குவது என்று ஒரு தாளில் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். தாளைப் படி. கரைகண்டவர்களும் படிக்கலாம்.

ஒரே நிபந்தனை. அதில் வருகிற குரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓர் ஆள் இருக்க வேண்டும். எழுபத்திரண்டு வயது ராமர் மறுபடியும் வந்தால் நமக்குள் கடிதமும் இல்லை.

ரெக்கார்டரை நம்பி அனுப்பாதே என்று ஸ்டான்லி சொன்னார். நான் அனுப்புகிறேன்.

பாஸிலா


மேலக்கரைப்பட்டி
4.8.2025

அன்புள்ள அக்கா,

வரலாறு நடந்து முடிந்தது. நீங்கள்தான் இல்லை.

நேற்று, ஞாயிறு, மதியம் ரெண்டு மணி, மேல்நிலைத் தண்ணித்தொட்டிக்கு அடியில் மன்றத்தின் சிறப்புக் கூட்டம். ஆடிக்காற்று மைக்கை அடித்துத் தூக்கக்கூடாது என்று தொட்டித் தூணுக்கு மறைவில் உட்கார்ந்தோம். எத்தனை பேர், எத்தனை குரல்! ஒரு விவசாயி, ஒரு டீக்கடைக்காரர், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு அக்கா, எல்லாரும் வரிசையாகப் பேசினார்கள். தொகுப்புரை அடியேன். சிவப்பு விளக்கு முழு நேரமும் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. மெசினுக்கே என் பேச்சு பிடித்துப்போனால் மனுசருக்குச் சொல்லவா வேண்டும்? நான் நிறுத்தியதும் கண்ணடிப்பதை விட்டுவிட்டு முறைக்க ஆரம்பித்தது. அம்புட்டு ஏக்கம்.

நான் இன்னும் கேட்கவில்லை. ரெக்கார்டரில் ஸ்பீக்கர் இல்லை. என் இயர்போன் போனோடு பீரோவில் சிறை. அதுவுமில்லாமல் தன் வேலையைத் தானே சரிபார்ப்பது பெரிய கலைஞர்களுக்கு அழகில்லை. நேற்று சாயங்காலம் பார்த்தபோது பேட்டரியும் தீர்ந்திருந்தது. அப்படியே அருளப்பன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் தாள் மிகவும் உபயோகமாக இருந்தது. அதன் பின்பக்கம் தொகுப்புரை எழுத இடம் சரியாக இருந்தது.

விக்னேஷ்குமார்


செம்பட்டி
8.8.2025

தம்பி விக்னேஷ்,

கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். பிறகு குழுவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டேன். ஸ்டான்லி சிரித்துச் சிரித்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

வெங்காயத்தைச் சேர்த்துவைக்கிற பட்டறையில் பெண்கள் உட்கார்ந்து வெங்காயத் தாளை அறுக்கிற சத்தம். சரக், சரக் என்று அருவாமணை. காற்றில் தார்ப்பாய் படபடக்கிறது. அதற்குள் மூக்காயி என்று ஓர் அம்மா. அவர் சொன்னதை எழுதி என் மேசையில் ஒட்டியிருக்கிறேன்:

“காலம்பற ஏழு மணிக்கு ரேடியோவத் தெறந்தா வெங்காயத்துக்கு நோவு வந்தா என்ன மருந்து அடிக்கணும்னு சொல்றாக. வெங்காயத்துக்கு நோவு வந்தா சொல்லுவாக. அத அறுக்குற எனக்குக் கண்ணு அவிஞ்சு போகுதே, அதுக்கு என்ன செய்யணும்னு ஒரு நாளாச்சும் சொன்னாகளா?”

அடுத்து சோலையம்மாள்: “எனக்கு மருந்தெல்லாம் வேணாம்டி. மினி பஸ்ஸு இன்னிக்கி ஓடுதா ஓடலையான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. வெயில்ல நின்னு நின்னு காஞ்ச வெங்காயமா ஆயிட்டேன்.”

ஆறு வருசமாக நான் விவசாய நிகழ்ச்சி போடுகிறேன் தம்பி. தோட்டம் வைத்திருப்பவரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்க அத்தா திண்டுக்கல்லில் தோல் மண்டியில் கூலி வேலை பார்த்தவர். எனக்கே இது உறைத்திருக்க வேண்டும்.

குழு சரி என்றுவிட்டது. ஞாயிறு இரண்டு மணி உங்கள் ஊருக்கு. முதல் நிகழ்ச்சி இந்தப் பதிவு.

ஆனால் ஒன்று. தன் குரல் ரேடியோவில் வருவதற்கு அவரவர் சம்மதம் வேண்டும். அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்பு. 31-க்குள் வரவில்லையென்றால் ஒலிபரப்ப முடியாது, இடம் போய்விடும். அவர்கள் கேட்டுப் பார்க்க, பதிவை ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஏற்றி, ரெக்கார்டரோடு அதே பையில் அனுப்புகிறேன். இயர்போனும் இருக்கிறது. அது உனக்கு. பத்தொன்பதாவது நிமிடத்தில் அந்தப் பெண்களில் ஒருத்தர், உன் அம்மாதான், உன்னைப் பற்றி ஒன்று சொல்கிறார். அதை நான் எழுதமாட்டேன். ஸ்பீக்கரிலிருந்தும் எடுத்துவிட்டேன். ரெக்கார்டரில் அப்படியே இருக்கிறது.

கேட்க மறந்தேன். தண்ணித்தொட்டிக் கூட்டம் எங்கே?

பாஸிலா


மேலக்கரைப்பட்டி
12.8.2025

அன்புள்ள அக்கா,

கேட்டீர்களே ஒரு கேள்வி!

தொட்டிக் கூட்டம் ஒத்திகை மட்டுமே. அசல் திட்டம் பட்டறைதான். மைக்கைப் பார்த்தால் மனுசன் பொய் பேசுவான், பையைப் பார்த்தால் பேசமாட்டான் என்பது என் கண்டுபிடிப்பு. அதனால் மஞ்சள் பையைப் பட்டறைக் கம்பில் மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல ஓரமாகச் சாய்ந்திருந்தேன். இயற்கை ஒலிப்பதிவு. இதை நீங்கள் மற்ற ஊர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். என் பேர் போட்டால் போதும்.

கையெழுத்தெல்லாம் சும்மா கூப்பிடு தூரம். எங்கள் ஊர்ப் பெண்கள் என் பேச்சைத் தட்டமாட்டார்கள்.

விக்னேஷ்குமார்
(இயக்கம், ஒலி, மேற்பார்வை)


செம்பட்டி
20.8.2025

தம்பி,

கையெழுத்து வரவில்லை.

பதிவின் முதல் மூன்று நொடியில் ஒரு பையன் குரல் கேட்கிறது. அதைக் குழுவுக்குப் போட்டுக் காட்டவில்லை. என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். நீயே எழுது.

இன்னும் பதினொரு நாள்.

பாஸிலா


மேலக்கரைப்பட்டி
26.8.2025

அன்புள்ள பாஸிலா அக்கா,

இத்துடன் ஆறு கையெழுத்து, ஒரு கைநாட்டு. மூக்காயி அத்தை கையெழுத்துப் போடத் தெரிந்தும் கைநாட்டு வைத்தது. “இவன்ட்ட எல்லாம் பேர எழுதிக் குடுக்கக்கூடாது, எந்தச் சேவலுக்காச்சும் வச்சிருவான்” என்று காரணம் சொன்னது.

நடந்ததை எழுதுகிறேன். பத்து நாளாகப் பட்டறைப் பக்கமே போகவில்லை. பயம். நேற்றுப் போனேன். ஸ்பீக்கரைக் கீழே வைத்துப் போட்டேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். “ஏய், இது நம்ம சோலை கொரலுடி!” என்றார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அருவாமணைச் சத்தமும் நின்றது.

“ஏலே, நாங்க பேசுனத எங்களக் கேக்காமக் களவாண்டியா?” என்றது மூக்காயி அத்தை.

நாலு பதில் தயாராக வைத்திருந்தேன் அக்கா, நாலும் நல்ல பதில். நாலையும் விட்டுவிட்டேன். ஆமா அத்தை, தெரியாமல் நடந்துபோச்சு என்றேன். தெரியாமல் எப்படி நடக்கும் என்று சோலையம்மாள் சின்னம்மா கேட்டது. அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் அவர்கள் நிபந்தனைகள்.

சோலையம்மாள் சின்னம்மா தன் சம்பந்தியைப் பற்றிப் பேசிய நாலு நிமிசத்தை வெட்ட வேண்டும். தினமும் மினி பஸ் ஓடுதா இல்லையா என்று காலைச் செய்தியில் சொல்ல வேண்டும். கண் எரிச்சலுக்கு ஒரு டாக்டரம்மா வர வேண்டும், ஆம்பள டாக்டர் வேண்டாம். இனிமேல் ஞாயிறு நிகழ்ச்சியில் என்ன பேசுவது என்பதைப் பட்டறை முடிவு பண்ணும். நிகழ்ச்சிப் பேர் ‘பட்டறப் பேச்சு’. நான் மூன்று பேர் சொன்னேன், மூன்றும் இதைவிடப் பிரமாதம். யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. கடைசி நிபந்தனை, நான் ஒரு நாள் முழுக்க அவர்களோடு உட்கார்ந்து தாள் அறுக்க வேண்டும்.

இன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அறுத்தேன். மத்தியானத்துக்கு மேல் அழுதுகொண்டே எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வெங்காயத்தால் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இனி அந்த மூன்று நொடி. “அம்புட்டுத்தான்டா, நிறுத்தியாச்சு” என்று சொல்வது நான்தான். உங்கள் தாளை முந்தாநாள்தான் முன்பக்கம் திருப்பிப் படித்தேன். ஒரு தடவை அமுக்கினால் விளக்கு கண்ணடிக்கும், தயாராக இருக்கிறேன் என்று அர்த்தம். ரெண்டாம் தடவை அமுக்கினால்தான் நின்று எரியும், பதிவாகும். நான் ஆரம்பிக்க ஒரு தடவை அமுக்கினேன். நிறுத்த ஒரு தடவை அமுக்கினேன். ஆக, தொட்டிக்கு அடியில் நாற்பது நிமிசம் நான் பொழிந்ததில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இல்லை. நிறுத்திவிட்டேன் என்று பையில் போட்டு, சாக்குத் தூக்க அம்மா கூப்பிட்டதால் பட்டறைக்குப் போய், பையை மாட்டிவிட்டு, மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டேன். பதினேழாவது நிமிசம் கேட்கிற குறட்டை இயற்கை ஒலிதான். என் இயற்கை.

பதிவாகாமல் போனதும் நல்லதுக்குத்தான். அந்தக் கூட்டத்துக்கு வந்தது நானும் ஆனந்த்ராஜும் ஒரு நாயும். விவசாயி நான். டீக்கடைக்காரர் நான். வாழ்க்கைப்பட்ட அக்கா ஆனந்த்ராஜ், நடுவில் இருமல் வந்ததால் பாதியிலிருந்து அதுவும் நான். மீதி ஆறு பேரும் நான். உங்கள் ஒரே நிபந்தனையை ஒன்பது குரலில் உடைத்தேன் அக்கா. நாற்பத்தேழு என்பது எங்கள் வகுப்பு வருகைப்பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வரப்பு வானொலி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பத்தொன்பதாவது நிமிசத்தை நேற்று ராத்திரி போர்வைக்குள் கேட்டேன். மூக்காயி அத்தை “ஒன் மவனுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்டி நாகஜோதி” என்கிறது. அதற்கு எங்க அம்மா, நான் தூங்குகிறேன் என்ற தைரியத்தில், “போனப் புடுங்குனதுலருந்து வீட்டுல சத்தமே இல்லக்கா. எனக்குத்தான் சோறு எறங்க மாட்டேங்குது” என்கிறது. அதற்கு மட்டும் நான் சம்மதம் வாங்கவில்லை. அதை வெட்டிவிடுங்கள். அது எனக்கு இருக்கட்டும்.

மன்றத்தில் இப்போது நிஜமாகவே ஏழு பேர். தலைவி மூக்காயி அத்தை. நான் உறுப்பினர்கூட இல்லை, பட்டன் அமுக்குகிறவன். இன்று சாயங்காலம் ரெக்கார்டரை எடுத்துவைத்தேன். அத்தை அருவாமணையிலிருந்து நிமிர்ந்து, “ஏலே அப்பு, இப்ப ஓடுதா, ஓடலையா?” என்று கேட்டது.

விளக்கு கண்ணடிக்கிறதா, முறைக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அப்புறம், “தாளப் பாத்துட்டுச் சொல்றேன் அத்தை” என்றேன்.

விக்னேஷ்குமார்